உயர்விலை மதுவின் விளம்பரப் படங்கள்: அவை எவ்வாறு உருவாகின்றன, சிகிச்சையில் இருப்போர் அறிய வேண்டியவை எவை

மதுப்பழக்கத்திலிருந்து மீள்வதற்காகச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய முதல் சில மாதங்களில், கைப்பேசித் திரையில் தோன்றும் ஒரே ஒரு படம் உங்கள் மனத்தைக் கலைத்துவிடக் கூடும். பொன்னிறத் திரவம், விளிம்பு ஒளிரும் கண்ணாடி பாட்டில், அதன் மீது உருண்டு நிற்கும் நீர்த்துளிகள், பின்னணியில் மங்கலாக ஒரு மலைச்சரிவு. படத்தில் மது என்ற சொல்லே இல்லாதிருக்கலாம். "சோடா" என்றோ "இசைத் தொகுப்பு" என்றோ கூட எழுதியிருக்கலாம். ஆயினும் நாவில் நீர் ஊறுகிறது; நெஞ்சு படபடக்கிறது. ஒரு படத்தைப் பார்த்ததற்கே இவ்வாறா என்று நோயாளி தம்மையே நொந்துகொள்கிறார். உடனிருந்து கவனிப்பவரோ, அவருடைய மனவுறுதியை ஐயுறத் தொடங்குகிறார்.

இரண்டுமே தேவையற்றவை. அந்தப் படம் அவ்விளைவை ஏற்படுத்துவதற்காகவே பல நாள் உழைப்பில் செய்யப்பட்ட ஒன்று. அது எவ்வாறு செய்யப்படுகிறது, சட்டம் அதனை எவ்வளவு தூரம் தடுக்கிறது, மூளை அதற்கு ஏன் மறுமொழி தருகிறது, வீட்டில் என்ன செய்யலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

படப்பிடிப்புக் கூடத்தில்

கண்ணாடியைப் புகைப்படம் எடுப்பது கடினமான பணி. கண்ணாடி தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் பிரதிபலிக்கும். புகைப்படக் கருவியையும், அதன் பின்னால் நிற்பவரையும்கூட. ஆகவே விளம்பரப் புகைப்படக் கலைஞர் பாட்டிலின் மீது நேரடியாக ஒளியைப் பாய்ச்சுவதில்லை. பெரிய வெண்திரைகளின் வழியாக ஒளியை மென்மையாக்கி, பாட்டிலின் இரு பக்கங்களிலும் நெடுக்காக ஓடும் இரண்டு ஒளிக்கோடுகள் மட்டும் தெரியுமாறு அமைக்கிறார். "விலையுயர்ந்த பொருள்" என்ற எண்ணத்தைப் பார்ப்பவரிடம் உண்டாக்குவதில் இந்தக் கோடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

உள்ளே இருக்கும் திரவம் தானாக ஒளிர்வதுபோல் தோன்றுவதற்கு வேறொரு உத்தி உண்டு. பாட்டிலின் பின்புறம், அதன் உருவ அளவுக்கே வெட்டிய வெள்ளை அல்லது பொன்னிற அட்டை ஒன்றை மறைவாகப் பொருத்தி, அதன் மீது ஒளியை வீழ்த்துகின்றனர். அந்த ஒளி திரவத்தின் ஊடே திரும்பி வருகிறது. அந்த அட்டையை நீக்கிவிட்டால், இருண்ட பின்னணியில் அதே விஸ்கி மங்கிய பழுப்பு நிறமாகவே தெரியும்.

குளிர்ந்த பாட்டிலின் மீதுள்ள நீர்த்துளிகள் பெரும்பாலும் நீரும் கிளிசரினும் கலந்து தெளிக்கப்பட்டவை. வெறும் நீர் சில நிமிடங்களில் வழிந்துவிடும். கிளிசரின் கலந்த துளி மணிக்கணக்கில் அசையாது நிற்கும். குவளையில் மிதக்கும் பனிக்கட்டி பெரும்பாலும் அக்ரிலிக்கால் செய்தது. விளக்கு வெப்பத்தில் உருகாது, அதனுள் குமிழ்களோ வெண்படலமோ இருக்காது. குவளையில் உள்ளது மதுவாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நிறம் சரியாக அமைய நீர் சேர்த்தும், தேநீரோ கருகவைத்த சர்க்கரைப் பாகோ கலந்தும் எடுப்பது இத்தொழிலில் நெடுநாள் வழக்கம். உங்கள் நாவில் நீர் ஊறச் செய்தது ஒருவேளை பால் சேர்க்காத தேநீராகவும் இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரே படத்தில் எல்லாம் அமைவதில்லை. லேபிளுக்கு ஏற்ற ஒளி கண்ணாடி விளிம்புக்கு ஏற்றதன்று. விளிம்புக்கு ஏற்றது மூடிக்குப் பொருந்தாது. எனவே புகைப்படக் கருவியை அசைக்காமல், லேபிளுக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று, திரவத்துக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று எனத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் சிறந்த பகுதியைப் பிரித்துக் கணினியில் ஒன்றாக இணைக்கின்றனர். நீங்கள் காணும் பாட்டில் எந்த ஒரு கணத்திலும் அவ்வாறு தோற்றமளித்தது இல்லை.

கணினி சேர்க்கும் பகுதி

கடந்த சுமார் 20 ஆண்டுகளில் இப்பணியின் பெரும்பகுதி கணினிக்கு மாறியுள்ளது. பாட்டிலை வார்ப்பதற்காக வரையப்பட்ட அளவுகள் முன்னரே இருப்பதால், அவற்றைக் கொண்டே முப்பரிமாண வடிவம் ஒன்றைக் கணினியில் உருவாக்கிவிடலாம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, நீரினுடையது 1.33, பனிக்கட்டியினுடையது 1.31 என்பன போன்ற இயற்பியல் மதிப்புகளைக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு ஒளிக்கதிரும் எங்கு வளையும், எங்கு சிதறும் என்பதைக் கணினியே கணக்கிடும். பாட்டில் வார்க்கப்படும் முன்னரே அதன் "புகைப்படம்" தயாராகிவிடும். திரவம் குவளையில் விழுந்து கிரீடம்போல் தெறிக்கும் காட்சியை, பல நூறு முறை ஊற்றி எடுப்பதற்குப் பதிலாகக் கணிதச் சமன்பாடுகளால் உருவாக்கலாம். ஒரு துளியை மட்டும் சற்று இடப்புறம் நகர்த்தவும் செய்யலாம்.

முழுப் படத்தையும் கணினியில் செய்தால் அது சற்றே பொம்மைபோல் தோன்றும் இடர் உண்டு. ஆகவே இரண்டையும் கலக்கின்றனர். மரமேசை, கல், துணி, மனிதக் கை ஆகியவற்றைக் கூடத்தில் உண்மையாகவே படம் எடுக்கின்றனர். அவ்விடத்தில் நாற்புறமும் ஒளி எவ்வாறு பரவியுள்ளது என்பதை முழுவட்டப் படமாகப் பதிவுசெய்து, அதே ஒளியைக் கணினிப் பாட்டிலின் மீதும் பாய்ச்சுகின்றனர். பின்னர் இரண்டையும் பொருத்தினால், எது உண்மை, எது வரைவு என்று பயிற்சி பெற்ற கண்ணுக்கும் எளிதில் தெரியாது. அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பின்னணிகளை நொடிகளில் உருவாக்கித் தருகின்றன. இதன் விளைவாக ஒரே பாட்டிலை ஒருவருக்கு மலைச்சரிவிலும், மற்றொருவருக்குக் கடற்கரையிலும், பண்டிகைக் காலத்தில் விளக்குகளுக்கு நடுவிலும் காட்டுவது மிகக் குறைந்த செலவில் இயலும்.

படமே மதுவின் மதிப்பை உருவாக்கும் என்பதற்குச் சான்றாக அடிக்கடி கூறப்படுவது, சுவீடன் நாட்டு வோட்காவான அப்சொலூட்டின் விளம்பரத் தொடர். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தொடங்கிய அத்தொடரின் முதற்படத்தில், பாட்டிலின் தலைக்கு மேல் ஓர் ஒளிவட்டம், கீழே இரண்டு சொற்கள், வேறொன்றும் இல்லை. பாட்டிலின் வடிவத்தையே மையமாகக் கொண்டு ஏறத்தாழ கால் நூற்றாண்டு, 1,500-க்கும் மேற்பட்ட விளம்பரங்கள் வெளிவந்தன. நிறமோ, பெரிதாக மணமோ அற்ற ஒரு பானத்தை, பெரும்பாலோர் அறிந்திராத நிலையிலிருந்து உலகின் முன்னணி வோட்காக்களில் ஒன்றாக்கியதில் அந்தப் படங்களின் பங்கு பெரிது. அதன்பின் உயர்விலை மதுவகைகள் பலவும் பாட்டிலையே கதாநாயகனாகக் காட்டும் வழியைப் பின்பற்றின.

சட்டம் தடுப்பதும், தப்புவதும்

இந்தியாவில் தொலைக்காட்சியில் மது விளம்பரம் செய்வதை, கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994 தடை செய்கின்றன. எனினும் மதுவின் பெயரையே தாங்கிய சோடா, குடிநீர், இசைத் தொகுப்பு, விளையாட்டுச் சீட்டு ஆகியவற்றின் விளம்பரங்களை நீங்கள் பல ஆண்டுகளாகக் கண்டிருப்பீர்கள். இவை பதிலி விளம்பரங்கள் எனப்படும். விற்கப்படுவதாகச் சொல்லப்படும் பொருள் ஒன்று. நினைவூட்டப்படும் பொருள் வேறொன்று.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் பதிலி விளம்பரத்தைத் தடை செய்கின்றன. தடை செய்யப்பட்ட பொருளுடன் தொடர்புடைய வணிகப் பெயர், சின்னம், நிறம், அமைப்பு, காட்சிப்படுத்தும் முறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதும் பதிலி விளம்பரமே என்று அவை வரையறுக்கின்றன. இவ்வரையறையில் நிறமும் காட்சிப்படுத்தும் முறையும் இடம்பெற்றிருப்பது, நாம் பேசிவரும் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஏனெனில் கணினியில் பாட்டிலின் வடிவம் ஒருமுறை அமைந்துவிட்டால், லேபிளில் ஒரு சொல்லை மாற்றி அதே ஒளியில், அதே கோணத்தில் "சோடா" படம் ஒன்றைப் பெறுவது அரை நாள் வேலைதான். தவறான விளம்பரத்துக்கு முதன்முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இடமளிக்கிறது.

ஆனால் அதே நெறிமுறைகளில் ஒரு விலக்கும் உள்ளது. விளம்பரம் வேறு வகையில் ஆட்சேபத்துக்கு உரியதாக இல்லாதபோது, வணிகப் பெயரை மட்டும் பயன்படுத்துவது பதிலி விளம்பரமாகக் கருதப்படமாட்டாது. எந்த இடத்தில் "பெயர் மட்டும்" முடிகிறது, எந்த இடத்தில் "காட்சிப்படுத்தும் முறை" தொடங்குகிறது என்பதே வழக்காகும் கேள்வி. படம் எவ்வளவு நுட்பமாக அமைகிறதோ, இந்த எல்லையும் அவ்வளவு மங்குகிறது. 2025 மார்ச் மாதம், ஐ.பி.எல். தொடங்குவதற்கு முன்பு, மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் அதன் தலைவருக்குக் கடிதம் எழுதி, புகையிலை, மது ஆகியவற்றின் விளம்பரங்களைப் பதிலி விளம்பரங்கள் உட்பட மைதானத்திலும் ஒளிபரப்பிலும் அனுமதிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டது. அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டதே நிலைமையைக் காட்டுகிறது.

பிற நாடுகளின் அனுபவமும் கருதத்தக்கது. பிரான்சில் 1991-ஆம் ஆண்டின் எவான் சட்டம், மது விளம்பரத்தில் கூறத்தக்கவற்றை ஆல்கஹால் அளவு, பிறப்பிடம், உட்கூறுகள், தயாரிப்பு முறை போன்ற செய்திகளாகக் குறைத்தது. கொண்டாட்டமும் கவர்ச்சியும் விலக்கப்பட்டால் விளம்பரத்தில் எஞ்சுவது பாட்டில்தான். அந்தப் பாட்டிலையே இயன்றவரை அழகாக்குவது ஒன்றே அப்போது வழி. இலங்கையில் புகையிலை மற்றும் மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006 மது விளம்பரத்தையே தடை செய்கிறது. எனினும் கைப்பேசிக்கு வரும் படம் எந்த நாட்டிலிருந்து புறப்பட்டது என்பதைப் பல வேளைகளில் அறிய இயலாது.

படத்தைக் கண்டதும் ஏன் அவ்வாறு ஆகிறது

நீண்ட காலம் மது அருந்தியவரின் மூளை, மதுவின் விளைவை மட்டுமன்றி, அதற்கு முன்னால் வரும் அறிகுறிகளையும் கற்றுக்கொள்கிறது. பாட்டிலின் உருவம், திரவத்தின் நிறம், பனிக்கட்டி மோதும் ஓசை, மாலை நேரம், குறிப்பிட்ட நண்பரின் குரல் என ஒவ்வொன்றும் ஒரு மணியோசைபோல் ஆகிவிடுகிறது. அது ஒலித்ததும், மூளையின் ஆழத்தில் உள்ள வெகுமதிப் பகுதிகள் செயற்படத் தொடங்குகின்றன. சிந்தித்து முடிவெடுப்பதற்கு முன்பே நிகழ்வது இது. உமிழ்நீரும் இதயத் துடிப்பும் நம் அனுமதியைக் கேட்பதில்லை. மது அருந்தாமல் பல மாதங்கள் கழிந்த பின்பும் இந்த மறுமொழி எஞ்சியிருக்கலாம். இதனை மருத்துவர்கள் தூண்டலால் எழும் வேட்கை என்பர். இது நோயின் ஒரு பகுதி, ஒழுக்கக் குறைவன்று.

மேலே விவரித்த படங்கள் இந்தத் தூண்டல்களையே தேர்ந்தெடுத்து மிகைப்படுத்துகின்றன. உண்மையான பாட்டிலில் நான்கு துளிகள் இருந்தால், படத்தில் நானூறு. மது அருந்திய ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைகூட அவ்வளவு துல்லியமான பாட்டிலைக் கண்டிருக்கமாட்டார். ஆனாலும் அவருடைய மூளை அதனைத் தான் அறிந்த பாட்டிலாகவே எடுத்துக்கொள்கிறது.

இளையோரிடம் விளைவு வேறு விதமாக அமைகிறது. மது விளம்பரங்களை மிகுதியாகக் காணும் வளரிளம் பருவத்தினர் மதுவை முன்னதாகத் தொடங்குவதையும், தொடங்கியோர் கூடுதலாக அருந்துவதையும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டில் ஒருவருக்கு மதுச்சார்பு இருக்கையில், பிள்ளைகளின் கைப்பேசியும் கவனத்துக்கு உரியதே.

"விலை உயர்ந்தது, ஆகவே தீங்கு குறைவு" என்னும் எண்ணம்

மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு சொல் உண்டு: "அவர் நல்ல சரக்குதான் சாப்பிடுவார் டாக்டர்." இவ்வெண்ணம் தோன்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாறான செய்திகளுக்குப் பின், முத்திரையிட்ட விலையுயர்ந்த பாட்டில் பாதுகாப்பானது என்று குடும்பத்தினர் கருதுவது இயல்பு. மெத்தனால் என்ற உடனடி நஞ்சைப் பொறுத்தவரை அவ்வேறுபாடு உண்மையே. கல்லீரலைப் பொறுத்தவரை அது உண்மையன்று.

கணக்கை நீங்களே பார்க்கலாம். இந்தியாவில் விற்கப்படும் விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் ஆல்கஹால் பொதுவாக 42.8 விழுக்காடு. அதில் 30 மி.லி. அளவில் ஏறத்தாழ 10 கிராம் எத்தனால் உள்ளது. 180 மி.லி. குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம், 750 மி.லி. பாட்டிலில் ஏறத்தாழ 250 கிராம். பாட்டிலின் விலை 500 ரூபாய் ஆயினும் 5,000 ரூபாய் ஆயினும், ஆல்கஹால் விழுக்காடு ஒன்றாயின் இந்த எண்கள் மாறுவதில்லை. மரப்பீப்பாயில் எத்தனை ஆண்டு ஊறினாலும், எத்தனை முறை வடிகட்டினாலும், கல்லீரல் அந்த எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றியே கையாள வேண்டும். மதுபானங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-ஆம் ஆண்டிலேயே புற்றுநோய்க் காரணிகளின் முதற்பிரிவில் சேர்த்துவிட்டது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. இந்தியாவில் மது பாட்டிலின் லேபிளில் எச்சரிக்கை வாசகம் இடம்பெறுவது 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆயினும் விளம்பரப் படத்தில் பாட்டில் தன் அழகிய முகத்தைக் காட்டியே நிற்கும். அவ்வாசகத்தை அங்குத் தேடிக் காண்பது அரிது.

கல்லீரல் இறுக்க நோய், கணைய அழற்சி, கல்லீரல் புற்றுநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோருக்கு "உயர்ந்த வகையில் சிறிதளவு" என்ற சலுகை கிடையாது.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலில் கைப்பேசியைக் கவனியுங்கள். கூகுள் கணக்கின் விளம்பர அமைப்புகளில், மது தொடர்பான விளம்பரங்களைக் குறைக்குமாறு தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளது. அது யூடியூபுக்கும் பொருந்தும். முகநூல், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றிலும் விளம்பரத் தலைப்புகளில் மதுவைக் "குறைவாகக் காட்டு" என மாற்றலாம். இவை முற்றிலும் தடுப்பதில்லை, குறைக்கின்றன. மதுக்கூடங்கள், மது வகைகளை மதிப்பிடுவோர் ஆகியோரின் பக்கங்களைப் பின்தொடர்வதை நிறுத்துவது கூடுதல் பயன் தரும். நோயாளியின் கைப்பேசியில் இவற்றைச் செய்யும்போது அவருடன் அமர்ந்து, அவர் ஒப்புதலோடு செய்ய வேண்டும். அவர் அறியாமல் செய்தால் காவல் போடுவதாகவே அவருக்குப் படும்.

வேட்கை எழுந்துவிட்டால், அது அலைபோல் உயர்ந்து பின் தணியும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். அந்த அரை மணி நேரத்தை எவ்வாறு கழிப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருங்கள். எழுந்து வேறு அறைக்குச் செல்லலாம்; நீரோ மோரோ அருந்தலாம்; பசித்திருந்தால் உண்ணலாம்; நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். சிலருக்கு, படம் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை மனத்துள் பிரித்துப் பார்ப்பது உதவுகிறது: இது கிளிசரின், இது அக்ரிலிக், இது அட்டையின் ஒளி. எல்லோருக்கும் இது பயன்படாது. பார்ப்பதே வேட்கையைக் கூட்டுமாயின், ஆராய்வதை விட்டுத் திரையை மூடிவிடுவதே நல்லது.

உடனிருப்போர் கேட்கக் கூடாத கேள்வி, "இன்னுமா ஆசை விடவில்லை?" என்பது. "இப்போது எப்படி இருக்கிறது, சற்று நடந்துவிட்டு வரலாமா?" என்று கேட்கலாம். வேட்கை வாரத்தில் பலமுறை எழுவதாயின் மருத்துவரிடம் கூறுங்கள். அதனைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன, கல்லீரலின் நிலையைப் பொறுத்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். நோயாளி அறியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரமாகும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்க வேண்டாம். மதுவுடன் சேரும்போது உயிருக்கே இடர் விளைவிக்கும் மருந்து அவற்றில் இருக்கலாம்.

இன்னும் மது அருந்திவரும் ஒருவர், இதனைப் படித்துவிட்டு நாளையே முழுவதுமாக நிறுத்த எண்ணினால், முதலில் மருத்துவரை அணுக வேண்டும். நாள்தோறும் மிகுதியாக அருந்தியவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களில் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் குழப்பம், நடுக்கம், இல்லாததைக் காணுதல் ஆகியவையும் ஏற்படலாம். இவை அவசர சிகிச்சைக்கு உரியவை. 108 ஆம்புலன்ஸை உடனே அழையுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்குத் தேசியக் கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் எண் 14416.

பதிலி விளம்பரம் என நீங்கள் கருதும் ஒன்றைக் கண்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யலாம். விளம்பரத்தின் படப்பிரதி, கண்ட நாள், நேரம், எந்தச் செயலியில் அல்லது எந்த இடத்தில் கண்டீர்கள் என்ற விவரம் ஆகியவை தேவைப்படும். அந்தப் படப்பிரதியை நோயாளியின் கைப்பேசியில் வைக்காமல், உடனிருப்பவர் தம் கைப்பேசியில் சேமித்து, புகார் பதிவானதும் நீக்கிவிட வேண்டும்.